மாத்தளை: தம்புள்ளை போகிற வழியில் பத்து நிமிஷம் நிறுத்துகிற ஊர் இல்லை

கண்டியிலிருந்து தம்புள்ளை, சீகிரியா போகிற வேன்கள் எல்லாம் மாத்தளையில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. முத்துமாரியம்மன் கோயில் கோபுரத்துக்கு எதிரே ஆட்களை இறக்கிவிடுவார்கள், நாலு படம் எடுப்பார்கள், அப்புறம் ஊரைத் தாண்டி ஏதாவது ஒரு வாசனைத் திரவியத் தோட்டம், அதோடு மாத்தளை முடிந்தது. வெளிநாட்டுக்காரர்களை விடுங்கள், இராகலை, ஹட்டன், பதுளைப் பக்கமிருந்து வேன் பிடித்து வருகிற நம்ம தோட்டத்துச் சனங்களும் இதைத்தான் செய்கிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். மலையகத் தமிழர் ஒவ்வொருவரும் ஒரு முழு நாளை ஒதுக்கி, காலால் நடந்து பார்க்க வேண்டிய ஊர் ஒன்று இருக்கிறதென்றால் அது மாத்தளைதான் என்பது என் முடிவு. ஏன் என்று சொல்கிறேன், பிடிக்காததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் போகிற வழி. கண்டியிலிருந்து ஏ9 வீதியில் ஏறக்குறைய 26 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம், கட்டுகஸ்தோட்டை பாலத்தடியிலும் அக்குறணைக் கடைவீதியிலும் வண்டிகள் நகராது, சாதாரண நாளிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெரிய மழை பெய்தால் அக்குறணையில் வெள்ளம் ஏறி வீதியே அடைபட்டுவிடும். அதனால் காலையில் கிளம்புங்கள். ரயிலும் உண்டு. 1880இல் போட்ட பாதை, வத்தேகம, உக்குவளை வழியாக வந்து மாத்தளையோடு முடிந்துவிடும். ஆடி அசைந்து வருகிற ரயில்தான், ஆனாலும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு பஸ்ஸைவிட அது நல்லது. ஓடுகிற நேரத்தை மட்டும் கண்டி ஸ்டேஷனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

நான் போனது பெரியம்மாவோடு. அவருக்கு அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஆனால் மாத்தளை அம்மனைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆகவே இங்கே எழுதுகிறதில் வயசானவர்களுக்கு எது சரிவரும், எது சரிவராது என்பதும் இருக்கும்.

கோயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ராஜகோபுரம் 108 அடி. அதில் 1008 சிற்பங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் நம்பத் தோன்றும். கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் தவறவிடுவது உள்ளே இருக்கிறது. பிரகாரத்தைச் சுற்றி வாருங்கள். அவசரப்படாமல் சுற்றினால் சுவரிலும் தூணிலும் விதானத்திலும் உள்ள வேலை ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பெரியம்மா ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, மேலே இருந்த அம்மனின் முகத்தையே பார்த்தபடி, "நம்ம லயத்து மாரியம்மன் மாதிரியே இருக்கா பாரு" என்றார். லயம் என்றால் தோட்டத்து வரிசை வீடுகள், அங்கே தகரக் கூரைக்குக் கீழே இருக்கிற சின்னக் கோயில் அது. இவ்வளவு பெரிய கோயிலில் நின்றும் அவருக்கு அந்த முகம்தான் தெரிந்தது.

கோயிலின் கதை அப்படித்தான் தொடங்குகிறது. ஒரு மரத்தடியில் சின்னச் சிலையாக இருந்த அம்மனை வழிபோக்கர்கள் கும்பிட்டார்கள் என்பது ஊரில் சொல்லிவருகிற கதை. அந்த இடம் வயற்காணி, 1852இல் காணிக்குச் சொந்தக்காரர் கோயிலுக்கென்று கொடுத்தார், 1874இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் பணத்தில் கோயில் எழுந்தது. யார் அந்த வழிபோக்கர்கள் என்று கேட்டுப் பார்த்தால்தான் மாத்தளை நமக்கு யார் என்று புரியும்.

கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து இறங்கிய சனங்கள் அங்கிருந்து நடந்துதான் மலைக்கு வந்தார்கள். தலைமன்னார், அரிப்பு என்று இறங்கி, காட்டுக்குள் புகுந்து, தம்புள்ளையைத் தாண்டி, கடைசியில் வந்து சேர்கிற முதல் மலையக ஊர் மாத்தளை. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது, யானையும் சிறுத்தையும் திரிகிற காடு, இதெல்லாம் போதாதென்று வாந்திபேதியும் அம்மையும். விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்த கதை நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அம்மை கண்டவர்களுக்கு மாரியாத்தாளைத் தவிர வேறு யார் இருந்தார்கள்? அந்தப் பாதை முடிந்து மலை தொடங்குகிற இடத்தில் முத்துமாரி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அது சும்மா நடந்தது அல்ல என்றுதான் நான் நினைக்கிறேன். கோப்பி பறிப்பு முடிந்ததும் பலர் அதே பாதையில் திரும்பி ஊருக்கு நடந்தார்கள், அடுத்த பருவத்துக்கு மறுபடி வந்தார்கள். 1869இல் கோப்பிச் செடிக்கு இலை நோய் வந்து, கொஞ்ச காலத்தில் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, தேயிலை வந்த பிறகுதான் வருஷம் முழுக்க ஆள் தேவைப்பட்டது, குடும்பம் குடும்பமாக லயத்தில் தங்கினார்கள்.

2023இல், நம் சனங்கள் மலையகத்துக்கு வந்து 200 வருஷம் ஆன 'மலையகம் 200' நினைவாக தலைமன்னாரிலிருந்து ஒரு கூட்டம் நடந்தே மாத்தளைக்கு வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். ஜூலை கடைசியில் புறப்பட்டு ஆகஸ்டில் வந்து சேர்ந்தார்கள். ஏன் கண்டி வரைக்கும் நடக்கவில்லை, ஏன் மாத்தளையில் முடித்தார்கள் என்று அப்போது என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பதில் மேலே சொன்னதுதான்.

இப்போது என் பெரிய குறை. இவ்வளவு கதையை வைத்துக்கொண்டிருக்கிற ஊரில், நான் நடந்த வீதிகளில், இந்த வழியாகத்தான் அவர்கள் வந்தார்கள் என்று தமிழில் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. கோபுரத்தின் உயரம் எல்லாருக்கும் தெரிகிறது, மரத்தடிச் சிலையைக் கும்பிட்டவர்கள் யார் என்பது வருகிற பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பள்ளிக்கூடப் பையன் அவன் அப்பாவிடம் "இது யார் கட்டின கோயில்?" என்று கேட்டான், அவர் "பழைய காலத்து ராசா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை, போய்ச் சொன்னேன். அவரும் கோபிக்காமல் நின்று கேட்டார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே கதையைச் சொல்லிக் கூட்டிப் போங்கள், அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள்.

1983 கலவரத்தில் இந்தக் கோயில் தாக்கப்பட்டுச் சேதமானது. இன்று பார்க்கிற கோயில் அதற்குப் பிறகு ஊர்ச் சனங்கள் மீட்டெடுத்த கோயில். மாசி மகத்தை ஒட்டி ஐந்து தேர் ஓடும், பஞ்சரதம் என்பார்கள், பிள்ளையார், முருகன், சிவன், அம்மன், சண்டேசுவரர் என்று வரிசையாக வீதிக்கு வரும்போது சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் கடை வாசலில் நின்று பார்ப்பார்கள். கோயிலுக்குள் சாதாரண நாளிலும் தட்டு ஏந்தி நிற்கிற சிங்களக் குடும்பங்களைப் பார்க்கலாம்.

வயசானவர்களுக்கு: கோயில் பிரதான வீதியிலேயே இருக்கிறது, ஏறுவதற்குப் படி அதிகம் இல்லை. பகலில் நடை சாத்துகிற நேரம் உண்டு, அதற்கு முன்னால் போய்விடுங்கள். கல்தரை மதியத்தில் சுடும், காலில் ஒன்றும் இல்லாமல் நிற்க முடியாது. பெரியம்மா போன்றவர்களுக்குக் காலை நேரம்தான் சரி.

அடுத்தது அலுவிகாரை. ஊரிலிருந்து வடக்கே ஏ9இல் 3 கிலோமீட்டர் போல, ஆட்டோவில் போய்விடலாம், ஏறுவதற்கு முன்பே காசைப் பேசிக்கொள்ளுங்கள். இது பௌத்த விகாரை, நமக்கென்ன என்று பலர் விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாத இடம். ராட்சசப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து கிடக்கின்றன, இடையிடையே குகைகள், அந்தக் குகைகளுக்குள் விகாரைகள். ஒரு அரக்கன் இங்கே மூன்று பாறையை அடுப்புக்கல்லாக வைத்து உலை ஏற்றினான் என்று ஊரில் ஒரு கதை உண்டு. ஆட்டோக்காரத் தம்பி அந்த மூன்று பாறை எவை என்று கையை நீட்டிக் காட்டினார், அவர் காட்டியபோது அடுப்பு தெரியத்தான் செய்தது. இன்னொருவரிடம் கேட்டால் வேறு மூன்றைக் காட்டுவார் என்று நினைக்கிறேன், அதனால் கதைக்கு ஒன்றும் குறைவில்லை.

வரலாறு கதையைவிடப் பெரிது. கி.மு. முதல் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்வழியாகவே ஓதிவந்த திரிபிடகம் என்ற பௌத்த மறைநூலை பிக்குகள் முதன்முதலாக ஏட்டில் எழுதியது இங்கேதான் என்பது மரபு. அவன் ஆட்சியின் நடுவே ஐந்து தமிழ்த் தலைவர்கள் அனுராதபுரத்தைப் பிடித்துக்கொண்டார்கள், மன்னன் காடுகளில் ஒளிந்திருந்தான், கடும் பஞ்சமும் வந்தது, மனப்பாடமாக வைத்திருந்த பிக்குகள் சாகத் தொடங்கினால் எல்லாமே அவர்களோடு போய்விடும் என்ற பயத்தில்தான் எழுதும் முடிவு வந்தது. புத்தகோசரின் பொன்னிறச் சிலை ஒன்றும் இங்கே இருக்கிறது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து வந்து, சிங்களத்தில் இருந்த உரைகளைப் பாளியில் எழுதியவர். காஞ்சிபுரத்தில் தங்கியதை அவரே தன் உரையில் குறித்திருக்கிறார், ஆக இந்தக் கதையிலும் தமிழ்நாட்டு வழி ஒன்று ஓடுகிறது.

ஒரு குகையில் நரகத் தண்டனைகள். பாவம் செய்தவனின் மண்டையை இரண்டு பேய்கள் பிளந்துகொண்டிருக்கும், சுவர் முழுக்க அதே மாதிரி ஓவியங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் முதலில் நீங்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எனக்கு அங்கே மிகவும் பிடித்தது ஏடு எழுதிக் காட்டுகிற இடம். தாளிப்பனையின் குருத்தோலையை வேகவைத்து, காயவைத்து, வழவழப்பாகத் தேய்த்து எடுத்த நறுக்கு. எழுதிக் காட்டியவர் இடது கையில் ஓலையைப் பிடித்துக்கொண்டு, வலது கையில் எழுத்தாணியைச் செங்குத்தாக நிறுத்தி, இடது கட்டைவிரலால் எழுத்தாணியை மெல்லத் தள்ளித் தள்ளி எழுதினார். எழுதி முடித்தபோது ஓலையில் ஒன்றுமே தெரியவில்லை, வெறும் கீறல். அப்புறம் கரியும் எண்ணெயும் கலந்த மையை ஓலை முழுக்கப் பூசினார், ஓலையே கறுத்துப் போனது. மாவைத் தூவித் துணியால் ஒரு துடை. மேலே இருந்த கறுப்பு எல்லாம் மாவோடு வந்துவிட, கீறலுக்குள் போன மை மட்டும் நின்று எழுத்து பளிச்சென்று மேலே வந்தது. பெரியம்மா தன் பெயரை எழுதித் தரச் சொன்னார். சிங்கள எழுத்தில் அவர் பெயர். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க தாத்தா ஊர்ல இருந்து ஏடு கொண்டாந்தாராம், லயம் ஒழுகி ஒரு மழையில எல்லாம் போச்சாம்" என்றார். எனக்கு அது புதுச் செய்தி. இதற்குக் கட்டாயக் கட்டணம் என்று யாரும் கேட்கவில்லை, உண்டியலில் போடுவது வழக்கம், தாராளமாகப் போடுங்கள், அந்தக் கை வேலைக்குத் தகும்.

இந்த விகாரையில் இருந்த பழைய ஏடுகள் 1848 கலகத்தை அடக்க வந்த வெள்ளைக்காரப் படையால் அழிந்துபோயின. மேலே தாதுகோபம் (தூபி) வரை படி ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், ஆனால் படிகள் செங்குத்து, முழங்கால் வலிக்காரர்கள் கீழ்க் குகைகளோடு நிறுத்திக்கொள்ளலாம். பெரியம்மா கீழேதான் உட்கார்ந்திருந்தார், அவருக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை.

1848 என்றால் மாத்தளைக்காரர்களுக்கு ஒரு பெரிய பெயர் உண்டு. நாய்க்கு வரி, துவக்குக்கு வரி, வண்டிக்கு வரி, கடைக்கு வரி, அதோடு ஆண்கள் வருஷத்தில் 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது காசு கட்ட வேண்டும் என்று டொரிங்டன் ஆளுநர் காலத்தில் சட்டம் வந்தது. அதை எதிர்த்துத்தான் கலகம். ஜூலையில் கலகத் தலைவன் கொங்காலேகொட பண்டா தம்புள்ளையில் முடிசூட்டிக்கொண்டு மாத்தளைக்கு இறங்கி வந்தான், அவனோடு இன்னொரு தலைவனான வீர புரன் அப்பு. புரன் அப்புவை ஆகஸ்ட் 8ஆம் தேதி கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். பண்டா எல்கடுவைப் பக்கம் மலைக் குகையில் ஒளிந்திருந்து செப்டம்பரில் பிடிபட்டான், கடைசியில் மலாக்காவுக்கு நாடு கடத்தினார்கள், அங்கேயே செத்தான். எல்கடுவை இன்று தேயிலைத் தோட்டம், நம் சனங்கள் இருக்கிற இடம். செம்புவத்தை ஏரியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் ஏறுகிறார்கள், பாதை ஒடுக்கம், எதிரே ஒரு வேன் வந்தால் ஒருவர் பின்னால் எடுக்க வேண்டும், புது ஓட்டுநர்களுக்குச் சரிவராது.

ஊருக்குள்ளே மெக்டவல் கோட்டை என்று ஒன்று. 1803 கண்டிப் போர் காலத்தில் வெள்ளைக்காரன் கட்டியது. இப்போது வாசலும் கொஞ்சம் சுவரும்தான் மிச்சம், உள்ளே கல்லறைகள். கோட்டை என்ற பெயரைக் கேட்டு பெரிதாக எதிர்பார்த்துப் போக வேண்டாம், வழியில் இருந்தால் ஒரு பார்வை போதும்.

வாசனைத் திரவியத் தோட்டங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாத்தளை என்றாலே ஏலம், மிளகு, சாதிக்காய், கொக்கோ என்று பெயர், அந்தப் பெயர் நியாயமானதுதான், மண் அப்படி. கொடியில் தொங்குகிற மிளகையும், பட்டை உரிக்கிற கையையும், வெடித்த சாதிக்காய்க்குள் சிவப்பாகச் சுற்றியிருக்கிற சாதிப்பத்திரியையும் பக்கத்தில் பார்ப்பது நல்ல அனுபவம். ஆனால் நாங்கள் போன தோட்டத்தில் (பெயர் வேண்டாம்) செடிகளைக் காட்டியது கொஞ்ச நேரம்தான், மீதி நேரம் எண்ணெய் விற்பனை. என் காலில் ஒரு கிரீமைப் பூசி, கொஞ்சம் கழித்துத் துடைத்து, பார்த்தீர்களா முடி போய்விட்டது என்று காட்டினார்கள். பெரியம்மாவின் முழங்காலைத் தடவி, ஒரு போத்தல் எண்ணெய்க்குச் சொன்ன விலை அவருடைய பல நாள் சம்பளம். வலியோடு இருக்கிற ஒரு தோட்டத்து அம்மாவிடம், இது தேய்த்தால் ஆபரேஷன் தேவையில்லை என்று சொல்லி விற்கப் பார்ப்பது பெரிய தப்பு. வேண்டாம் என்று சொன்ன பிறகு முகமும் மாறியது. வேன் ஓட்டுநர்களுக்கு இந்தத் தோட்டங்களில் கமிஷன் உண்டு, அதனால் அவர்கள் கூட்டிப் போகிற இடத்துக்கே போக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஏலமும் மிளகும் வேண்டுமானால் ஊர்க் கடைவீதியில் உள்ள பலசரக்குக் கடைகளில் நிறுத்து வாங்குங்கள். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம், ஏலம் நல்ல பச்சை, மிளகைக் கையில் அள்ளினாலே மணம், விலையும் நியாயம்.

கைவேலை பிடிக்கிறவர்கள் அலுவிகாரையில் பத்திக் கலைஞர் எனா த சில்வா தொடங்கிய மாத்தளை பாரம்பரிய மையத்தையும் பாருங்கள். பத்திக் (துணியில் மெழுகு பூசிச் சாயமேற்றுகிற வேலை), தையல் வேலை, பித்தளை வேலை, எல்லாம் அந்தக் கிராமத்து ஆட்கள் செய்வது. பெந்தோட்டை பீச் ஹோட்டலின் பத்திக் விதானம் அவருடைய வேலைதான். விலை கூடத்தான், வாங்காவிட்டாலும் வேலை செய்கிற கைகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

சாப்பாடு: கோயில் பக்கத்தில் சைவக் கடையில் காலையில் தோசையும் உளுந்து வடையும் சாப்பிட்டோம். வடை சூடாக, சம்பல் காரமாக, சாம்பார் மட்டும் தண்ணீர். பிளேன்டீ நல்ல சாயம், தேயிலைக்காரர்களிடமே குடித்து வளர்ந்த பெரியம்மா இரண்டாவது கோப்பை கேட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் ஊருக்குள் ஒரு பெரிய கடையில் சோறு எடுத்தோம், கறி ஆறிப்போய் இருந்தது, சொன்னபோது சூடாக்கித் தந்தார்கள். தமிழில் பேசினால் எல்லாக் கடையிலும் யாராவது ஒருவர் பதில் சொல்கிறார், அதில் மாத்தளை கண்டியைவிட நமக்கு வசதி.

நேரம் இருக்கிறவர்கள் வடக்கே நாலந்தா கெடிகே வரை போய்வாருங்கள், மாத்தளையிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறி வழியில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். பௌத்த விகாரைதான், ஆனால் கட்டியிருப்பது மாமல்லபுரம் பாணியில், முழுக்கக் கல். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது மூழ்கிவிடாமல் கல் கல்லாகப் பிரித்து எடுத்து மறுபடி அடுக்கிய கட்டடம். கூட்டமே இருக்காது. வெயில் சாய்ந்த பிறகு போனால் கல்லின் நிறம் நன்றாகத் தெரியும், ஆனால் திரும்பிவர பஸ் இருக்கிறதா என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

மாசித் தேருக்குப் போகிறவர்கள் தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும், அந்த நாட்களில் ஊர் நிரம்பிவிடும். தேர் நாளில் பிரதான வீதியில் வண்டி ஓடாது, ஆகவே வேனை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு நடக்கத் தயாராக வாருங்கள், வயசானவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலியும் தண்ணீர்ப் போத்தலும் கையில் இருக்கட்டும். சாதாரண நாளில் போய்விட்டு அன்றே திரும்புவதென்றால் கண்டி பஸ்ஸில் பொழுது சாய்வதற்கு முன் ஏறிவிடுங்கள், வேலை விடுகிற நேரத்தில் அக்குறணையில் மாட்டினால் இராகலைக்கும் ஹட்டனுக்கும் அடுத்த பஸ் பிடிக்க முடியாது.